மகள் கையில் ஸ்பானரைக் கொடுங்கள்!

காலை நேரம். ஊர் அடங்கிக் கிடக்கிறது. கடைகள் பூட்டிக் கிடக்கின்றன. பெரிய ரோட்டில் போலீசார் நிற்கிறார்கள். அவர்கள் கண்ணில் படாமல், சந்து பொந்துகளில் நுழைந்து ஒரு கார் போகிறது.

காரை ஓட்டுகிறவர் ஒரு தகப்பனார். காருக்குள் இருப்பவர்கள் ஐந்து பெண்கள். பள்ளிக்கூடத்தில் படிக்கும் வயது. அவருடைய மகளும் அவர்களில் ஒருத்தி.

அவர்கள் எங்கே போகிறார்கள்? கலியாண வீட்டுக்கா? இல்லை. பள்ளிக்கூடத்துக்கா? அதுவும் இல்லை. பள்ளிக்கூடம் மூடிக் கிடக்கிறது.

ஒரு மெக்கானிக் பட்டறைக்குப் போகிறார்கள்!

இது நடந்தது 2020-ம் ஆண்டில். இடம், ஆப்கானிஸ்தான் நாட்டின் மேற்கு ஓரத்தில் உள்ள ஹெராத் நகரம். கொரோனா நோய் உலகத்தை ஆட்டி வைத்த சமயம். மக்கள் வெளியே நடமாடக் கூடாது என்று உத்தரவு.

அந்த உத்தரவுக்கு நடுவே, மூச்சுத் திணறும் நோயாளிகளுக்கு உதவும் எந்திரம் ஒன்றைச் செய்வதற்காக இந்தப் பெண்கள் பட்டறைக்குப் போனார்கள்.

பெண்கள் தெருவில் தனியாக நடப்பதையே தப்பாகப் பேசுகிறவர்கள் நிறைந்த நாடு அது. அங்கே இவர்களுக்கு இந்தத் துணிச்சல் எப்படி வந்தது? இந்தக் கைத்திறன் எங்கிருந்து வந்தது?

அதற்குப் பின்னால் இன்னொரு பெண் இருக்கிறார். முதலில் அவரைத் தெரிந்து கொள்வோம்.

அகதிப் பெண்

அவர் பெயர் ரோயா மஹ்பூப். ஹெராத் நகரைச் சேர்ந்தவர். சிறு வயதில் அவர் ஓர் அகதி. நாட்டில் நடந்த போர் காரணமாக, அவருடைய குடும்பம் பக்கத்து நாடான ஈரானில் தஞ்சம் புகுந்திருந்தது.

1996-ம் ஆண்டு ஆப்கானிஸ்தானின் ஆட்சி தாலிபான்கள் கைக்குப் போயிற்று. பெண்கள் படிக்கக் கூடாது, வேலைக்குப் போகக் கூடாது என்று அவர்கள் தடை போட்டார்கள். 2001-ல் அந்த ஆட்சி விழுந்தது. அதன் பிறகு ரோயாவின் குடும்பம் ஊர் திரும்பியது.

16 வயதில் ரோயா முதன் முதலாக ஒரு கம்ப்யூட்டரைப் பார்த்தார். ஹெராத்தில் இருந்த ஓர் இன்டர்நெட் கடையில் பார்த்தார். பெண்கள் போய் உட்காரும் இடம் அல்ல அது. ஆனால் அந்தப் பெட்டி அவர் மனதைப் பிடித்துக் கொண்டது. வீட்டில் இருந்தபடியே உலகத்தோடு பேசலாம், படிக்கலாம் என்பதை அவர் அன்றே புரிந்து கொண்டார்.

ஹெராத் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து கம்ப்யூட்டர் படிப்பே படித்தார். 2010-ம் ஆண்டில் சொந்தமாக ஒரு கம்பெனி தொடங்கினார். கம்ப்யூட்டர் வேலைக்கான மென்பொருள் எழுதிக் கொடுப்பது கம்பெனியின் தொழில். ஆப்கானிஸ்தானில் இப்படி ஒரு கம்பெனிக்குத் தலைமை ஏற்ற முதல் பெண்களில் அவர் ஒருவர்.

அவருடைய கம்பெனியில் வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். படிப்பு முடிந்தும் வேலை இல்லாமல் வீட்டில் இருந்த பெண்களைத் தேடிப் பிடித்து அவர் வேலை கொடுத்தார்.

சம்பளம் யார் கையில்?

வேலை கொடுத்ததும் ஒரு புதிய சங்கடம் முளைத்தது.

அந்தப் பெண்களில் பலருக்கு பாங்கிக் கணக்கு கிடையாது. சம்பளத்தை ரொக்கமாகக் கொடுத்தால், அது அவர்கள் கையில் தங்காது. வீட்டில் உள்ள ஆண்கள் வாங்கிக் கொள்வார்கள். உழைத்தவள் ஒருத்தி, பணம் வேறொருவர் பையில்!

ரோயா யோசித்தார். கம்ப்யூட்டர் மூலமும் செல்போன் மூலமும் அனுப்பக் கூடிய "பிட்காயின்" என்ற புதுவகைப் பணம் அப்போது வந்திருந்தது. 2013-ம் ஆண்டு வாக்கில் அந்தப் பணமாகவே சம்பளத்தை அனுப்பினார். பெண்ணின் பணம் பெண்ணின் கைக்கே போய்ச் சேர்ந்தது.

அதே 2013-ம் ஆண்டு, உலகத்தில் செல்வாக்கு மிகுந்த 100 பேர் என்று அமெரிக்காவின் "டைம்" பத்திரிகை வெளியிட்ட பட்டியலில் ரோயாவின் பெயரும் இடம் பெற்றது.

புகழ் வந்தது. மிரட்டலும் வந்தது. "பெண்களைக் கெடுக்கிறாள்" என்று ஏசினார்கள். அவர் அசையவில்லை. ஹெராத்திலும் காபூலிலும் பெண்களுக்காகக் கம்ப்யூட்டர் பயிற்சிக் கூடங்களைத் திறந்தார். ஆயிரக்கணக்கான மாணவிகள் அங்கே படித்தார்கள்.

அந்த முயற்சியின் தொடர்ச்சியாக 2017-ம் ஆண்டில் பிறந்ததுதான் ஆப்கன் மாணவிகளின் ரோபோ குழு.

ரோபோ என்றால் என்ன?

ரோபோ என்றால் எந்திர மனிதன். உடனே, இரும்புக் கையும் இரும்புக் காலுமாக நடந்து வரும் சினிமா உருவம் சிலருக்கு நினைவு வரும். எல்லா ரோபோவும் அப்படி இருக்காது. நாலு சக்கரம் வைத்த சிறு வண்டியும் ரோபோவாக இருக்கலாம். ஒரே ஒரு கை மட்டும் உள்ள எந்திரமும் ரோபோவாக இருக்கலாம்.

கண்ணுக்குப் பதிலாக அதில் சென்சார் இருக்கும். தசைக்குப் பதிலாக மோட்டார் இருக்கும். மூளைக்குப் பதிலாகச் சின்னக் கம்ப்யூட்டர் இருக்கும். "தடை தெரிந்தால் நில், வழி தெரிந்தால் போ" என்று நாம் எழுதி வைக்கிற கட்டளைப்படி அது நடக்கும்.

இதைக் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதில் பெரிய லாபம் உண்டு. ஒரு ரோபோ செய்ய வேண்டுமானால் கணக்கு வேண்டும். மின்சாரம் பற்றித் தெரிய வேண்டும். ஸ்குரு முடுக்கவும் தெரிய வேண்டும். புத்தகத்தில் பார்த்த கணக்கு, கண் முன்னே சக்கரமாகச் சுற்றும். கணக்கு தப்பினால் சிவப்பு மை தேவை இல்லை; எந்திரமே நின்று விடும்! எங்கே தப்பு என்று குழந்தை தானே தேடும். தேடிக் கண்டு பிடித்தால் அதை ஆயுளுக்கும் மறக்காது.

இரண்டு முறை "இல்லை"

2017-ம் ஆண்டு ஜூலை மாதம் அமெரிக்காவின் தலைநகரான வாஷிங்டனில், பள்ளி மாணவர்களுக்கான உலக ரோபோ போட்டி நடந்தது. 150-க்கும் மேற்பட்ட நாடுகள் கலந்து கொண்டன. ஆப்கானிஸ்தான் சார்பில் ஹெராத் நகரைச் சேர்ந்த 6 மாணவிகள் தேர்வானார்கள்.

முதல் தடை, பெட்டி. ரோபோ செய்வதற்கான சாமான்கள் எல்லா நாடுகளுக்கும் அமெரிக்காவில் இருந்து அனுப்பப்பட்டன. மற்ற நாட்டுப் பிள்ளைகள் மாதக் கணக்கில் பயிற்சி செய்தார்கள். ஆப்கானிஸ்தானுக்கு வந்த பெட்டி, "பயங்கரவாதிகள் கைக்குப் போய் விடுமோ" என்ற பயத்தால் தடைபட்டுக் கிடந்தது. மாணவிகளுக்குக் கிடைத்தது சில வாரங்கள்தான்.

இரண்டாவது தடை, விசா. விசா வாங்க ஹெராத்தில் இருந்து காபூலுக்குப் போக வேண்டும். தூரம் சுமார் 500 மைல். அந்த ஆண்டு மே மாதம் 31-ந் தேதிதான் காபூலில், தூதரகங்கள் உள்ள பகுதியில் லாரி குண்டு வெடித்து 150 பேருக்கு மேல் மாண்டிருந்தார்கள். அப்படிப்பட்ட ஊருக்குப் பெற்றோர் தங்கள் பெண்களை அனுப்பினார்கள்.

விசா இல்லை என்று பதில் வந்தது. மீண்டும் போனார்கள். மீண்டும் இல்லை!

செய்தி உலகப் பத்திரிகைகளில் வெளியாயிற்று. பல நாட்டு மக்கள் கொதித்தார்கள். கடைசியில் அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப் தலையிட்டார். மாணவிகள் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்கள்.

போட்டியில் தண்ணீர் பிரச்சினைதான் பொருள். நீல நிறப் பந்து நல்ல தண்ணீர்; ஆரஞ்சு நிறப் பந்து கெட்ட தண்ணீர். ரோபோ அவற்றைப் பிரித்துச் சேர்க்க வேண்டும். ஆப்கன் மாணவிகளின் ரோபோவும் களத்தில் ஓடியது. அவர்களுடைய மன உறுதியைப் பாராட்டி வெள்ளிப் பதக்கம் கொடுத்தார்கள்.

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. ஆகஸ்டு மாதம் 1-ந் தேதி ஹெராத்தில் ஒரு மசூதியில் குண்டு வெடித்தது. மாண்டவர்களில் ஒருவர், குழுத் தலைவியின் தந்தை. மகள் பதக்கம் வாங்கி வந்து சில நாட்களே ஆகியிருந்தன.

குழு கலைந்து போகும் என்று பலர் நினைத்திருப்பார்கள். கலையவில்லை. அதே ஆண்டு கடைசியில் ஐரோப்பாவில் உள்ள எஸ்தோனியா நாட்டில் நடந்த ரோபோ விழாவுக்கு அவர்கள் போனார்கள். வயல் வேலையில் விவசாயிக்கு உதவும், சூரிய ஒளியில் ஓடும் ரோபோவைக் காட்டினார்கள். தொழில் முனைவோருக்கான போட்டியில் பரிசு பெற்றார்கள்.

பட்டறையில் பிறந்த மூச்சு

இப்போது, நாம் முதலில் பார்த்த காருக்குத் திரும்புவோம்.

2020-ம் ஆண்டு கொரோனா வந்தது. ஆப்கானிஸ்தானில் முதலில் பாதிக்கப்பட்ட ஊர் ஹெராத். ஈரான் எல்லைக்குப் பக்கத்தில் இருப்பதால் நோய் அங்கே வேகமாகப் பரவியது. மூன்றரைக் கோடிக்கு மேல் மக்கள் உள்ள அந்த நாட்டில், செயற்கை சுவாசக் கருவிகள் சில நூறுதான் இருந்தன. "யாராவது உதவுங்கள்" என்று ஹெராத் கவர்னர் கேட்டுக் கொண்டார்.

"நாங்கள் செய்து பார்க்கிறோம்" என்று ரோபோ குழு முன்வந்தது. அப்போது குழுவின் தலைவி சுமையா பரூக்கி. வயது 17. அவளுடைய தந்தை கார் மெக்கானிக். சின்ன வயதிலேயே தந்தையின் பட்டறைக்குப் போய், கார் என்ஜினைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவள் சுமையா. அந்தக் காரை ஓட்டிய தகப்பனார் அவர்தான்.

மூச்சு விட முடியாத நோயாளியின் வாயில் குழாய் வைத்து, நர்சு ஒரு ரப்பர் பையை அமுக்கி அமுக்கிக் காற்றுக் கொடுப்பதை ஆஸ்பத்திரியில் சிலர் பார்த்திருக்கலாம். எவ்வளவு நேரம்தான் கையால் அமுக்க முடியும்? கை வலிக்கும். வேகம் மாறும். அந்தப் பையை ஒரே சீராக அமுக்க ஒரு மோட்டாரை வைத்தால்? அதுதான் யோசனை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்லூரி நிபுணர்கள், யார் வேண்டுமானாலும் பார்த்துச் செய்யும்படி அதற்கான வரைபடத்தை வெளியிட்டிருந்தார்கள்.

வரைபடம் கிடைத்தது. சாமான் கிடைக்கவில்லை. கடைகள் மூடல். விமானம் இல்லை. பெண்கள் சோர்ந்து உட்காரவில்லை. பழைய டொயோட்டா கரோலா காரில் இருந்து மோட்டாரை எடுத்தார்கள். ஹோண்டா மோட்டார் சைக்கிளில் இருந்து செயினை எடுத்தார்கள். அவற்றை வைத்தே எந்திரத்தைச் செய்தார்கள்.

ஜூலை மாதம் அதை இயக்கிக் காட்டினார்கள். வெளிநாட்டுக் கருவியின் விலை பல ஆயிரம் டாலர். இவர்களுக்கு ஆன செலவு சில நூறு டாலர். பெரிய ஆஸ்பத்திரிக் கருவிக்கு அது ஈடு ஆகாது. ஆனால் வேறு ஒன்றும் கிடைக்காத நேரத்தில், நோயாளியின் மூச்சைப் பிடித்து வைக்க ஒரு வழி.

பெண்களை எந்திரத்தின் பக்கம் போக விடாதே என்று சொன்ன நாட்டில், உயிர் காக்கும் எந்திரத்தைச் செய்தவர்கள் பெண்கள்!

அடைபட்ட கதவு

2021-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 15-ந் தேதி தாலிபான்கள் காபூலைப் பிடித்தார்கள். ரோபோ குழுப் பெண்களின் உயிருக்கே ஆபத்து என்ற நிலை. ரோயாவும் வெளிநாட்டு நண்பர்களும் இரவு பகலாக முயன்றார்கள். சில நாட்களில் குழுவில் ஒரு பகுதியினர் கத்தார் நாட்டுக்கும், வேறு ஐவர் மெக்சிகோவுக்கும் போய்ச் சேர்ந்தார்கள்.

நாட்டில் தங்கிய பெண்களின் கதி என்ன? 6-ம் வகுப்புக்கு மேல் பெண்கள் படிக்கக் கூடாது என்று ஆயிற்று. 2022-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 23-ந் தேதி, பெண்கள் பள்ளி திறக்கிறது என்றார்கள். மாணவிகள் புத்தகப் பையோடு ஓடோடி வந்தார்கள். சில மணி நேரத்தில், "வீட்டுக்குப் போங்கள்" என்று திருப்பி அனுப்பினார்கள். அழுது கொண்டே போனார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் பல்கலைக்கழகக் கதவும் பெண்களுக்கு அடைபட்டது. 2024-ம் ஆண்டு டிசம்பரில் நர்சு, மருத்துவச்சிப் படிப்பும் நின்றது.

பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பள்ளி வாசலை மிதிக்க முடியவில்லை. அவர்களில் எத்தனை சுமையாக்கள் இருக்கிறார்களோ! அடுத்த கொள்ளை நோய் வந்தால், அந்த நாட்டில் யார் போய்ப் பட்டறைக் கதவைத் தட்டுவார்கள்?

தப்பிச் சென்ற பெண்கள் படிப்பை விடவில்லை. சுமையா பரூக்கி அமெரிக்கா சென்று என்ஜினீயரிங் படிப்பில் சேர்ந்தார். ஆப்கன் பெண்களின் படிப்புக்காக ஐ.நா. சபையிலும் குரல் கொடுத்தார். ரோயாவும் இந்தப் பெண்களும் பட்ட பாட்டைச் சொல்லும் "ரூல் பிரேக்கர்ஸ்" என்ற திரைப்படம் 2025-ம் ஆண்டு மார்ச்சு மாதம் வெளியாயிற்று.

நம் வீட்டில்?

"ஐயோ பாவம், ஆப்கன் பெண்கள்" என்று பெருமூச்சு விட்டுப் பத்திரிகையை மடித்து வைத்து விடலாம். அப்படிச் செய்யாதீர்கள். நம் வீட்டையும் சற்றுப் பார்ப்போம்.

இங்கே பெண் படிக்கக் கூடாது என்று சட்டம் இல்லை. துப்பாக்கியோடு வாசலில் யாரும் நிற்கவில்லை. ஆனால் தடை போடும் வாய் நம் வீட்டிலேயே இருக்கிறது.

பையன் பழைய ரேடியோவைப் பிரித்தால், "மூளைக்காரன்" என்கிறோம். பெண் பிரித்தால், "உனக்கு எதற்கடி இந்த வேலை?" என்கிறோம். பையனுக்கு விளையாட வண்டி வாங்குகிறோம். பெண்ணுக்குப் பொம்மை வாங்குகிறோம். பத்து வருடம் கழித்து, "பெண்களுக்கு எந்திரம் வராது" என்று தீர்ப்பும் சொல்கிறோம்!

எந்திரம் பெண்ணுக்கு வராதா? தையல் எந்திரத்தைப் பாருங்கள். நூல் சிக்கினால் பாபினைக் கழற்றிப் பார்ப்பவர் யார்? எண்ணெய் விடுபவர் யார்? பெல்ட் நழுவினால் மாட்டுபவர் யார்? வீட்டுப் பெண்தான். தொடவிட்ட எந்திரம் அவளுக்கு வந்து விட்டது. தொடவிடாத எந்திரம் வரவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

"கலியாணம் ஆனால் இந்தப் படிப்பு வீண்" என்பார்கள் சிலர். ஆப்கன் பெண்கள் நாட்டை விட்டு ஓடியபோது வீட்டைத் தூக்கிக் கொண்டு போக முடியவில்லை. பட்டறையைத் தூக்கிக் கொண்டு போக முடியவில்லை. கற்ற வித்தை மட்டும் கூடவே போயிற்று. புகுந்த வீட்டுக்குப் பெண்ணோடு போகிற நகை ஒரு நாள் அடகுக் கடைக்குப் போகலாம். கைத்தொழில் போகாது.

"செலவுக்கு எங்கே போவது?" என்று கேட்பீர்கள். சுமையாவின் குழுவுக்குப் புதுச் சாமானா கிடைத்தது? பழைய கார் மோட்டார்தானே! உங்கள் வீட்டில் ஓடாத மின்விசிறி இருக்கும். உடைந்த மிக்சி இருக்கும். பிளக்கைப் பிடுங்கி விட்டு, பக்கத்தில் இருந்து, மகளைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே செப்புக் கம்பி எப்படிச் சுற்றியிருக்கிறது என்று அவள் பார்க்கட்டும். "இது ஏன் இப்படி?" என்று கேட்கட்டும். பதில் தெரியாவிட்டால் வெட்கப்பட வேண்டாம். "வா, இரண்டு பேருமாகத் தெரிந்து கொள்வோம்" என்று சொல்லுங்கள்.

எல்லாப் பெண்களும் என்ஜினீயர் ஆக வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஒருத்திக்குப் பாட்டுப் பிடிக்கலாம். ஒருத்திக்கு வைத்தியம் பிடிக்கலாம். எந்திரத்தைத் தொட்டுப் பார்த்து விட்டு, "எனக்கு வேண்டாம்" என்று மகள் சொல்லட்டும். அது அவள் உரிமை. அவள் தொடுவதற்கு முன்பே, "உனக்கு வேண்டாம்" என்று நாம் சொல்லக் கூடாது.

பெற்றோர்களே! ரோயா மஹ்பூப் ஒரு கதவைத் திறந்தார். அது பெரிய காரியம். ஆனால் திறந்த கதவு வரை மகளைக் கொண்டு போய்ச் சேர்க்க ஒரு தகப்பனார் வேண்டியிருந்தது. ஊர் அடங்கிக் கிடந்த காலையில், சந்து பொந்து வழியாக அவர் கார் ஓட்டினார். அவர் பெரிய படிப்பாளி அல்ல. பணக்காரர் அல்ல. ஒரு மெக்கானிக்.

அவர் ஓட்டிய பாதையில் ஆபத்து இருந்தது. நம் பாதையில் அது இல்லை.

மகள் கையில் ஸ்பானரைக் கொடுங்கள். பட்டறை வரை கூடவே போங்கள். மற்றதை அவள் பார்த்துக் கொள்வாள்.